எடை குறைந்த எண்டூரோ வண்டி: தேர்வு, அமைப்பு, பயிற்சி

எண்டூரோ என்பது சாலையை விட்டு விலகிய கரடுமுரடான பாதைகளில் நீண்ட நேரம் ஓட்டும் மோட்டார் சைக்கிள் விளையாட்டு. அதற்கான எடை குறைந்த வண்டியில் புதிதாக ஏறுபவர்கள் முதலில் அதன் வேகத்தைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில், வேர்களும் உருளும் கற்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில்தான் அந்த வண்டி தன் முழுத் திறமையையும் காட்டுகிறது என்பது பலருக்குத் தாமதமாகவே தெரியவருகிறது. அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காக, எத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுப்பது, அதை ஓட்டுபவரின் உடலுக்கு ஏற்ப எப்படி அமைப்பது, எவற்றை முதலில் பழகுவது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

இவ்வகை வண்டி போட்டிகளிலிருந்து உருவானது. 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ஆறு நாள் பன்னாட்டுப் போட்டி, 1981 முதல் தன் பெயரிலேயே எண்டூரோ என்ற சொல்லைத் தாங்கி நடந்துவருகிறது. அதில் பங்கேற்பவர்கள் குறித்த நேரத்தில் குறித்த இடங்களைக் கடக்க வேண்டும். வழியில் ஏற்படும் பழுதைத் தாங்களே சரிசெய்து, ஆறு நாளும் அதே வண்டியிலேயே ஓட்டி முடிக்க வேண்டும். சில கருவிகளைக் கொண்டே பிரித்துப் பூட்டக்கூடிய, விழுந்தாலும் எளிதில் உடையாத, குறைந்த வேகத்திலும் சீராக இழுக்கக்கூடிய வண்டி தேவைப்பட்டது இதனால்தான்.

போட்டிக்கென்றே தயாரிக்கப்படும் எண்டூரோ வண்டிகள் பெரும்பாலும் 100 முதல் 110 கிலோ வரை எடை கொண்டவை. சாலையிலும் ஓட்டத்தக்க இருபயன் வண்டிகள் 130 முதல் 145 கிலோ வரை இருக்கும். நீண்ட பயணத்திற்கான பெரிய சாகச வண்டிகளோ 200 கிலோவைத் தாண்டி 250 கிலோ வரைகூடச் செல்லும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 105 கிலோ வண்டியில் ஏறினால், மொத்த எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அவருடைய உடலே ஆகிறது. அவரே 250 கிலோ வண்டியில் ஏறும்போது அந்தப் பங்கு 23 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. இடுப்பை ஒரு கைப்பிடி அகலம் பின்னுக்குக் கொண்டுபோனாலே முன்சக்கரம் இலேசாவதும், ஒரு காலை அழுத்தினாலே வண்டி திசை மாறுவதும் இந்தக் கணக்கின் விளைவுதான். பெரிய வண்டியில் ஓட்டுபவர் வண்டியோடு சேர்ந்து போகிறார். சிறிய வண்டியில் அவர் அசைவுக்கு வண்டி உடனே பதில் சொல்கிறது. இதைவிட முக்கியமான இன்னொரு பயனும் உண்டு. ஏறத் தவறிய மேட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, திருப்பி, மீண்டும் முயல்வதற்கு வலிமை மிஞ்சியிருக்கும். இந்த இரண்டாவது முயற்சி தரும் மகிழ்ச்சிக்காகத்தான் எடை குறைந்த வண்டியை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவருக்கு 450 சிசி போட்டி வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். தராசில் அது 250 சிசி வண்டியைவிடச் சில கிலோக்களே கூடுதலாகக் காட்டினாலும், எஞ்சினுக்குள் சுழலும் பாகங்களின் எடையும் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறந்தவுடன் பாயும் விசையும் சேர்ந்து, ஓடும்போது அதை இன்னும் கனமாக உணரச் செய்கின்றன. குறுகிய பாதையில் அந்த விசையைப் பயன்படுத்த இடமே இருக்காது. அதை அடக்கிப் பிடிப்பதிலேயே கைகள் சோர்ந்துவிடும். 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் தொடக்கத்திற்கு மிகப் பொருத்தமானது. அதன் விசை சீராக ஏறும். த்ராட்டிலை மூடினால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். யமஹா டபிள்யூஆர்250எஃப் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளும் அவற்றை இயக்கும் கேம்ஷாஃப்டும் இல்லாததால் அது இலேசானது, பழுதுபார்க்கவும் எளிது. கேடிஎம், ஹஸ்க்வர்ணா, பீட்டா, ஷெர்கோ போன்ற நிறுவனங்களின் 250, 300 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் கடினமான பாறைப் பாதைகளில் விரும்பப்படுவதற்கு இதுவே பெருங்காரணம். ஆனால் இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பு விசை குறைவாகவே கிடைக்கும் என்பதால், பிரேக் பழக்கம் தேறிய பிறகு இதற்கு மாறுவது நல்லது. பெட்ரோலில் எண்ணெயைக் கலக்க வேண்டுமா, தனித் தொட்டியில் ஊற்ற வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கலக்க வேண்டிய வண்டியை எண்ணெய் கலக்காத பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும்.

பராமரிப்பு நேரத்தையும் வாங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். போட்டி வண்டிகளின் பராமரிப்பு, எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஹோண்டா சிஆர்எஃப்250எல் போன்ற இருபயன் வண்டிகளில் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு முறை வரும் வேலை. பாதை தொடங்கும் இடம் வரை சாலையில் ஓட்டிச் சென்று அன்றே திரும்புபவருக்கு இருபயன் வண்டி போதுமானது. அதை வைத்திருப்பவர்கள் போட்டி வண்டிக்காரர்களிடம் தாழ்வு மனப்பான்மை கொள்ளத் தேவையே இல்லை. திறமையுள்ளவர் ஓட்டும் 140 கிலோ வண்டி, திறமையற்றவர் ஓட்டும் 105 கிலோ வண்டியைப் பாறைச் சரிவில் எளிதாக முந்திவிடும்.

இருக்கை உயரம் பலரை அச்சுறுத்துகிறது. போட்டி வண்டிகளில் அது 950 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், சராசரி உயரமுள்ளவருக்கு இரு கால்களும் தரையில் எட்டாது. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. நிற்கும் இடத்தில் இருக்கையின் ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை மட்டும் ஊன்றப் பழகினால் போதும். மேடான பக்கமாகக் காலை ஊன்றுவது தானாகப் பழக்கமாகிவிடும்.

உடலுக்கு ஏற்ப அமைத்தல்

கடையிலிருந்து வரும் வண்டி யாருக்கும் முழுமையாகப் பொருந்தியிருக்காது. ஹேண்டில்பாரில் தொடங்குங்கள். ஃபுட்ரெஸ்ட் மீது எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்று மடக்கி, கைகளை இயல்பாக நீட்டிப் பாருங்கள். முன்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே கோட்டில் லீவரைச் சென்றடைய வேண்டும். உட்கார்ந்த நிலையில் லீவர்களைச் சரிசெய்தால், நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி விரைவில் வலிக்கும். கிளட்ச் லீவரை உட்புறமாக நகர்த்தி, அதன் முனையில் ஆள்காட்டி விரல் மட்டும் படும்படி வைத்தால், மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியை விட்டு அகலாமல் இருக்கும். லீவரைப் பிடித்திருக்கும் வளையத்தை, ஓட்டும்போது அசையாத அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். விழும்போது லீவர் உடைவதற்குப் பதிலாகச் சற்றுத் திரும்பிக்கொள்ளும்.

அடுத்தது சஸ்பென்ஷன். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, சக்கர அச்சிலிருந்து பின் மட்கார்டில் செங்குத்தாக மேலேயுள்ள ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி ஒரு முறையும், முழுப் பாதுகாப்பு உடையுடன் நீங்கள் ஏறி நிற்க இன்னொருவர் ஒரு முறையும் அதே தூரத்தை அளக்க வேண்டும். முதல் அளவிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதுவே சஸ்பென்ஷன் அமிழும் தூரம். சுமார் 300 மில்லிமீட்டர் அசைவுள்ள சஸ்பென்ஷனில், ஓட்டுபவர் ஏறியதும் 100 முதல் 110 மில்லிமீட்டர் அமிழ்வதும், வண்டியின் சொந்த எடையால் மட்டும் 30 முதல் 40 மில்லிமீட்டர் அமிழ்வதும் நல்ல தொடக்க அளவுகள். ஓட்டுபவருடன் அளவு சரியாக வந்தும், வண்டி தனியாக நிற்கும்போது சிறிதும் அமிழவில்லை என்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது; அதை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருக்கிறீர்கள். தனியாக நிற்கும்போதே மிகுதியாக அமிழ்ந்தால் ஸ்பிரிங் கடினமானது. இரண்டு நிலையிலும் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகாணியைத் திருகிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். பணத்தைப் புகைக்குழாயில் செலவிடுவதைவிட இதில் செலவிடுவது பல மடங்கு பயன் தரும்.

டியூப் உள்ள டயரில், மண்ணும் கல்லும் கலந்த பாதைக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்று பொருத்தமாக இருக்கும். காற்று குறைந்த டயர் கல்லின் மேல் படிந்து பிடிக்கும். அளவுக்கு மீறிக் குறைந்தால், கூரிய கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிக் கிழியும். பாறை மிகுந்த இடத்தில் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடாமல் இருக்க, டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் கட்டாயம் வேண்டும். சாலையில் திரும்பும்போது மறுபடி காற்றடித்துக்கொள்ளச் சிறு பம்ப் தேவைப்படும். மெதுவான பாதைகளிலேயே பெரும்பாலும் ஓட்டுவதாக இருந்தால், முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. முதல் கியரும் இரண்டாம் கியரும் முன்பைவிடப் பன்மடங்கு பயன்படும்.

நிற்பதும் கிளட்சும்

உட்கார்ந்து ஓட்டினால் ஒவ்வொரு அதிர்வும் முதுகெலும்புக்கு வரும். நின்றால் முழங்காலும் கணுக்காலும் அதைத் தாங்கிக்கொள்ளும். வண்டி கீழே ஆடினாலும் தலையும் தோளும் ஏறக்குறைய நேர்கோட்டில் நகரும். உடல் எடை முழுவதும் பாதங்கள் வழியாக ஃபுட்ரெஸ்டில் இறங்க வேண்டும். முழங்கால்கள் வண்டியின் நடுப்பகுதியைத் தழுவியிருக்க வேண்டும், முழங்கைகள் வெளிப்புறமாகச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கைகள் ஹேண்டில்பாரில் தொங்கவும் கூடாது, அதன் மேல் சாயவும் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது விரல்களை ஒரு நொடி தளர்த்திப் பாருங்கள். உடல் முன்னோ பின்னோ சரிந்தால், இடுப்பு தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். வேகத்தைக் கூட்டும்போது இடுப்பிலிருந்து முன்னே குனிவதும், பிரேக் பிடிக்கும்போது பின்னே போவதும் இந்தச் சமநிலையைக் காப்பதற்கான அசைவுகளே. முன்கை கல்லாக இறுகி, விரல்கள் லீவரைப் பிடிக்க மறுக்கும் தொல்லைக்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் கைகளால் தொங்குவதுதான்.

கிளட்சை இணைப்பதற்கும் விலக்குவதற்கும் மட்டுமே பயன்படும் கருவியாகச் சாலையில் பழகியிருப்போம். எண்டூரோவில் அது, குழாயைத் திருகி நீரைக் கூட்டிக் குறைப்பதுபோல், பின்சக்கரத்திற்குச் செல்லும் விசையை அளந்து கொடுக்கும் கருவி. எண்ணெயில் நனைந்த பல தட்டுகள் கொண்ட கிளட்ச் இத்தகைய பயன்பாட்டைத் தாங்கும். சமதளத்தில் முதல் கியரில் எஞ்சினைச் சற்று உயர்ந்த வேகத்தில் வைத்து, கிளட்சால் மட்டுமே வண்டியை நடைவேகத்திற்கும் கீழே நகர்த்திப் பழகுங்கள். பின்பிரேக்கை இலேசாக மிதித்தபடி செய்தால் வண்டி இன்னும் நிதானமாக நிற்கும். பிறகு, எட்டு வடிவில் சுற்றுவது. இரண்டு கற்களை வைத்து அவற்றைச் சுற்றி வந்து, தூரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். பார்வை முன்சக்கரத்தின் மேல் விழுந்தவுடன் வண்டி கவிழத் தொடங்கும். அடுத்துத் திரும்ப வேண்டிய கல்லைப் பார்த்தால் அதுவாகவே சுற்றிவரும். வெற்றிடம் ஒன்றில் அரை மணிநேரம் இப்படிச் சுற்றுவது சலிப்பூட்டும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். ஒரு கட்டத்தில் ஹேண்டில்பாரை முழுவதும் மடித்த நிலையில், கால் ஊன்றாமல், வண்டி நம் இடுப்பின் அசைவுக்கு மட்டும் கட்டுப்பட்டுச் சுழலும். கனமான வண்டியில் அந்தச் சுகம் எளிதில் கிடைப்பதில்லை.

இறுக்கமான வளைவுக்கு, பிரேக்கை நேர்கோட்டிலேயே பிடித்து முடித்துவிட்டு, டேங்கை ஒட்டி முன்னே உட்கார்ந்து, உட்புறக் காலை முன்சக்கரத்தின் திசையில் நீட்டி, வெளிப்புற ஃபுட்ரெஸ்டை அழுத்துங்கள். வண்டியை மட்டும் சாய்த்து உடலை நிமிர்த்தி வைத்திருப்பது தளர்ந்த மண்ணில் டயருக்குப் பிடிப்பைத் தரும். சாலை வண்டியில் செய்வதற்கு இது நேர்மாறானது என்பதால், பழைய பழக்கம் நீங்கச் சிறிது காலம் ஆகும்.

ஏற்றம், இறக்கம், குறுக்கே கிடக்கும் மரம்

ஏற்றத்திற்குத் தேவையான வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மேடுகளுக்கு இரண்டாம் கியரே ஏற்றது, ஏனெனில் முதல் கியரில் பின்சக்கரம் எளிதில் சுழன்று மண்ணைத் தோண்டிவிடும். மார்பு ஹேண்டில்பாரை நோக்கிச் சாய்ந்திருக்க, பின்சக்கரத்தின் மேல் போதிய எடை இருக்க வேண்டும். முன்சக்கரம் தூக்கினால் சற்று முன்னே, பின்சக்கரம் வழுக்கினால் சற்றுப் பின்னே என்று உடலால் தேடிக்கொண்டே ஏறுவதுதான் முறை.

எப்படி ஏறுவது என்பதற்கு முன்பே, பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். சரிவில் எடை முழுவதும் பின்சக்கரத்திற்குப் போய்விடுவதால், முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு பின்னே இறங்கும். எஞ்சினைக் கியரிலேயே அணையவிட்டுக் கிளட்சை விடுங்கள். எஞ்சினின் அழுத்தமே பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். பிறகு வண்டியின் மேட்டுப் பக்கமாக இறங்கி நின்று, கிளட்சைச் சிறிது சிறிதாக அழுத்தி, முன்பிரேக்கையும் சேர்த்துக் கையாண்டு, ஹேண்டில்பாரைத் திருப்பியபடி வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து முன்சக்கரத்தைக் கீழ்நோக்கித் திருப்பி ஏறிக்கொள்ளலாம். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். சிறு மேட்டில் இதை வேண்டுமென்றே பலமுறை செய்து பழகியவருக்குப் பெரிய மேட்டின் அடியில் நெஞ்சு படபடக்காது.

இறக்கத்தில் முன்பிரேக்கை அஞ்சுவது பரவலான தவறு. எடை முன்சக்கரத்திற்கு வருவதால் அங்கேதான் பிடிப்பு மிகுதி. ஒரே விரலால் மெதுவாக அழுத்தி, மண் அனுமதிக்கும் அளவை உணர்ந்துகொண்டே இறங்க வேண்டும். முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினின் தடுப்பையும் பயன்படுத்துங்கள். இடுப்பு பின்னே போகட்டும். ஆனால் கைகள் விறைத்து நீளும் அளவுக்குப் போனால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது.

குறுக்கே கிடக்கும் மரத்தைத் தாண்டுவதற்கு, முதலில் உள்ளங்கை அகலத் தடிமனுள்ள கட்டையில் பழகலாம். நடைவேகத்தில் செங்குத்தாக அணுகி, உடலைக் கீழே அழுத்தி முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தின் சஸ்பென்ஷனை) அமிழ்த்துங்கள். அது மேலெழும் அதே கணத்தில் த்ராட்டிலைத் திறந்து கிளட்சை விட்டால் முன்சக்கரம் இலேசாக எழும்பிக் கட்டையின் மேல் விளிம்பைத் தொடும். தொட்டவுடன் த்ராட்டிலை மூட வேண்டும். பின்சக்கரம் கட்டையில் மோதும்போது விசை சென்றுகொண்டிருந்தால், அது வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றுவிடும். விசை இல்லாவிட்டால் சேர்ந்திருக்கும் வேகத்திலேயே உருண்டு ஏறும். முழங்கால்களை மடக்கி அதை உங்களுக்குக் கீழே வரவிடுங்கள். நேரம் சரியாக அமைந்தால் இரு சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய ஓசையே இன்றி மரத்தைக் கடக்கும். நனைந்த வேர்களையும் இதேபோலச் செங்குத்தாக, பிரேக்கும் விசையும் இன்றிக் கடப்பதே பாதுகாப்பானது.

மணலில் முன்சக்கரத்தை இலேசாக வைத்து, த்ராட்டிலைச் சீராகத் திறந்து வைத்திருங்கள். ஹேண்டில்பார் சற்று ஆடும், ஆடட்டும். சேற்றுத் தடத்தில் விழுந்துவிட்டால், அதிலிருந்து வெளியேறப் போராடாமல் தடத்தின் முடிவைப் பார்த்துச் செல்லுங்கள். ஓடையைக் கடக்குமுன் இறங்கி நடந்து ஆழத்தைப் பாருங்கள். நீர் காற்றுவழியில் புகுந்து எஞ்சின் நின்றுவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது: நீரை அழுத்த முடியாததால் உள்ளே பாகங்கள் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றிய பிறகே மீண்டும் முயல வேண்டும்.

துணையும் பையும்

முழங்கால் காப்பு, எண்டூரோ பூட்ஸ், ஹெல்மெட், கண்ணாடி ஆகியவற்றில் பூட்ஸுக்கு முன்னுரிமை தாருங்கள். மெதுவான ஓட்டத்தில் கல்லுக்கும் வண்டிக்கும் இடையே சிக்குவது பெரும்பாலும் பாதமும் கணுக்காலும்தான். மூவராகச் செல்வது நல்லது, ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடனிருக்க இன்னொருவர் உதவி தேடிப் போகலாம். 21 அங்குல முன்சக்கர டியூப் ஒன்றை எடுத்துச் சென்றால் போதும். அவசரத்திற்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடித்துப் போடலாம். டயர் லீவர்கள், செயின் இணைப்பு, ஸ்பார்க் பிளக், இழுவைப் பட்டை, தண்ணீர் ஆகியவை பையின் மற்ற பகுதியை நிரப்பும். எடை குறைந்த வண்டியை வாங்கிவிட்டு முதுகில் கனத்தை ஏற்றிக்கொள்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஓட்ட அனுமதியுள்ள பாதைகளில் மட்டும் செல்லுங்கள். குதிரையில் வருபவர் எதிர்ப்பட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நடந்து வருபவருக்கும் வழிவிட்டு நிற்பதே முறை. உரத்து ஒலிக்கும் புகைக்குழாய் பாதைகள் மூடப்படுவதற்குத் துணைபோகிறது என்பதையும் அதை விரும்புபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இவ்வண்டிகளில் இருப்பது எண்ணெய் தடவிய நுரைப் பஞ்சு. அந்தப் பிசுபிசுப்புதான் தூசியைப் பிடிக்கிறது. அதற்குரிய திரவத்தில் கழுவி, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரெடுத்து, நன்றாகக் காய்ந்த பின் எண்ணெய் தடவி, விளிம்பில் கிரீஸ் பூசிப் பொருத்த வேண்டும். விளிம்பு சரியாகப் படியாவிட்டால் ஒரே நாள் புழுதி பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். இரண்டு ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், காயும் வரை காத்திருக்க வேண்டாம்.

போட்டி வகை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் மிகக் குறைந்த அளவே இருப்பதாலும் கிளட்சும் பெரும்பாலும் அதே ஆயிலில் இயங்குவதாலும், ஆயில் மாற்றுவதற்குக் கையேடு சொல்லும் மணிக்கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டியைக் கழுவும்போது அழுத்தமான நீரைச் சக்கர பேரிங்குகளின் மேலும் பின் சஸ்பென்ஷன் இணைப்புகளின் மேலும் பாய்ச்சக் கூடாது, ஏனெனில் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறித் துரு ஏறும். புதிய சக்கரங்களில் ஸ்போக்குகள் தொடக்கத்தில் தளரும் என்பதால், முதல் சில ஓட்டங்களுக்குப் பின் ஒவ்வொன்றையும் சிறு ஸ்பானரால் தட்டி ஒலியைக் கேளுங்கள்; மந்தமாக ஒலிப்பதைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கிவிட்டு, ரிம் லாக்கை ஒட்டியுள்ள ஸ்போக்குகளை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.